ஓராண்டுக் கெடுவில் ஓர் உலோகம்

2023 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 15 புரோவின் விளிம்புச் சட்டம் டைட்டானியத்தால் ஆனது. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது துருப்பிடிக்காத எஃகு. செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஊர்தியில் பயன்பட்ட அதே கலவை உலோகம் என்று ஆப்பிள் பெருமையோடு அறிவித்தது. பெருமைப்படக் காரணமும் இருந்தது. 14 புரோவின் எடை 206 கிராம், 15 புரோவின் எடை 187 கிராம். கையில் எடுத்ததுமே வேறுபாடு தெரிந்தது. இரண்டு ஆண்டு கழிந்தது. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 புரோ வந்தபோது டைட்டானியத்தைக் காணோம். உடல் அலுமினியமாகியிருந்தது. டைட்டானியத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது இம்முறை சொல்லப்பட்ட காரணம்.

இரண்டு அறிவிப்புகளும் உண்மை. எஃகைவிட டைட்டானியம் இலேசானது. டைட்டானியத்தைவிட அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவது. ஆனால் இந்த இரண்டு செய்திகளும் 2023இலும் தெரிந்தவை, அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பும் தெரிந்தவை. உலோகவியல் பாடநூலின் பின்னிணைப்பில் அட்டவணையாகவே கிடைக்கும். உலோகங்களின் குணம் இடையில் மாறவில்லை என்றால் மாறியது எது? இதற்கு விடை தேடக் கைபேசியின் உடலையும் பார்க்க வேண்டும், அதைச் செய்பவர்களின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும்.

கைபேசியின் உடலிடம் நாம் கேட்கும் வரங்கள் ஒன்றோடொன்று சண்டையிடுபவை. வளையக் கூடாது, ஆனால் மெலிதாக இருக்க வேண்டும். உள்ளே சிப் கக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டும், ஆனால் கையைச் சுடக் கூடாது. தண்ணீர் புகாமல் மூடியிருக்க வேண்டும், ஆனால் ரேடியோ அலை புக வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது, பையில் சாவியோடு கிடந்தால் கீறவும் கூடாது. இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தரும் பொருள் பூமியில் இல்லை. ஒவ்வொரு பொருளும் சிலவற்றைத் தந்து சிலவற்றைப் பறிக்கும்.

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். டைட்டானியக் கலவைக்கு சுமார் 4.4. எஃகுக்கு ஏறக்குறைய 8. எடையை மட்டும் பார்த்தால் அலுமினியம்தான் முதலிடம். வெப்பம் கடத்துவதிலும் அதுவே முன்னால் நிற்கிறது. ஐபோனில் பயன்பட்ட டைட்டானியக் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்திருக்கும். வலிமைக்குப் பெயர் பெற்ற கலவை. ஆனால் வெப்பம் கடத்துவதில் அது துருப்பிடிக்காத எஃகையும்விட மந்தம். இதை ஆப்பிளின் பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள். 15 புரோவின் உட்சட்டம் அலுமினியம், வெளிப்பட்டை மட்டும் டைட்டானியம். இரண்டையும் உருக்காமல், திடநிலையிலேயே சூட்டாலும் அழுத்தத்தாலும் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுமாறு ஒட்டவைத்தார்கள். இது அருமையான பொறியியல், சந்தேகமே இல்லை. அந்த போன் வெளியான நாட்களில் சூடாகிறது என்ற புகார் எழுந்தபோது, மென்பொருளும் சில செயலிகளுமே காரணம், டைட்டானியம் காரணமல்ல என்று நிறுவனம் விளக்கியது.

டைட்டானியம் அரிதான தனிமம் என்று நினைக்க வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட் அதன் தாதுதான். உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமியாகப் போகிறது. உலோகமாகப் பிரிப்பதுதான் கடினம். ஆக்சிஜனை அது எளிதில் விடாது. முதலில் குளோரினோடு சேர்த்துக் குளோரைடாக்கி, பிறகு உருகிய மக்னீசியத்தால் குளோரினைப் பறிக்க வேண்டும். 1940களில் லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் வகுத்த இந்த முறைதான் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே செய்து முடிக்க நாட்கணக்காகும். கிடைத்த உலோகத்தைக் கடைவதும் கடினம், வெட்டும் கருவி சீக்கிரம் தேய்ந்துவிடும். விலை அதனால்தான்.

அலுமினியத்துக்கு இன்னொரு வசதி உண்டு. கந்தக அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேற்பரப்பு கடினமான ஆக்சைடாக மாறும். அந்த ஆக்சைடில் நுண்ணிய துளைகள் இருக்கும். சாயம் அத்துளைகளில் இறங்கும், பிறகு துளைகளை மூடிவிடலாம். நீலம், ஆரஞ்சு, ரோஜா என்று கடையில் வரிசையாக நிற்கும் நிறங்கள் பலவும் இப்படிப் பிறந்தவை. இதிலும் குறை உண்டு. கூரான விளிம்பில் இந்த ஆக்சைடுப் படலம் எளிதில் பெயர்ந்துவிடும், உள்ளே வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். 2012இல் கறுப்பு ஐபோன் 5 வாங்கியவர்கள் பலர் இதைக் கண்டார்கள்.

உலோகத்தின் பெரிய குறை, ரேடியோ அலையைத் தடுப்பது. முழுக்க உலோகத்தால் மூடிய போன் பேசாது. 2010இல் ஐபோன் 4 இதற்கு ஒரு வழி கண்டது. எஃகு விளிம்பையே துண்டுகளாக்கி அதையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தியது. ஆனால் இடது கீழ் மூலையில் உள்ள இடைவெளியை உள்ளங்கை மூடும்படி பிடித்தால் சிக்னல் இறங்கியது. பிறகு வந்த உலோக போன்களின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் தெரியும். அழகுக்காக வைத்தவை அல்ல அவை, அலை புகும் வாசல்கள். உலோகத்தின் மேற்பரப்பில் நுண்துளைகளை அரித்து, அவற்றுக்குள் பிளாஸ்டிக்கை ஊற்றி இறுக்கும் நுட்பம் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பியில்லா சார்ஜிங் வந்தபோது இந்தச் சமரசமும் போதவில்லை. முழு உலோக முதுகில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். ஆகவே 2017இல் ஐபோன் 8 முதுகுக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டது. மற்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த போன்கள் பலவும் முன்னும் பின்னுமாக அந்த வழிக்கே வந்தன.

இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாத பொருள் ஒன்று ஆரம்பம் முதலே இருந்தது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அலை அதில் தடையின்றிப் புகும். விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். எடை குறைவு. 2011இல் நோக்கியா என்9 வந்தது. அதன் உடல் முழுவதும் நிறமேற்றிய பாலிகார்பனேட். கீறினாலும் உள்ளே அதே நிறம்தான். அந்த உடலை இன்றும் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். 2014இல் சாம்சங் கேலக்ஸி எஸ்5 வந்தது. பிளாஸ்டிக் முதுகை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியை மாற்றலாம். அதோடு அந்த போன் ஐபி67 தரத்தில் தண்ணீரையும் தாங்கியது. நீர் புகாமல் இருக்க வேண்டுமானால் பேட்டரியைப் பசைபோட்டு மூடியே ஆக வேண்டும் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த போன் நினைவுக்கு வரும்.

ஆனால் எஸ்5க்குப் பாராட்டு கிடைக்கவில்லை. 2013இல் வந்த எச்டிசி ஒன் முழு அலுமினிய உடலோடு விமர்சகர்களின் மனத்தைக் கவர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் சாம்சங்கின் பிளாஸ்டிக் மலிவாகத் தெரிந்தது. 2015இல் கேலக்ஸி எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக வந்தது. பார்க்க அழகு, பிடிக்க அழகு. கழற்றும் பேட்டரி போயிற்று, மெமரி கார்டு போயிற்று, நீர் தாங்கும் திறனும் அந்த ஆண்டு போயிற்று. விமர்சனங்கள் வாழ்த்தின. வாங்குபவரின் கண் எதைப் பார்த்து விலையை மதிப்பிடுகிறது என்ற பாடத்தைத் தொழில்துறை அந்த ஆண்டில் உறுதியாகக் கற்றுக்கொண்டது.

மெலிவு மோகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2014இன் ஐபோன் 6 பிளஸ் சான்று. பையில் வைத்திருந்தவர்கள் அது வளைந்திருப்பதைக் கண்டார்கள். இதன் இயற்பியல் எளிது. ஒரே பொருளாலான தகடு வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். ஐபோன் 5எஸ்ஸின் தடிமன் 7.6 மி.மீ., 6 பிளஸ்ஸின் தடிமன் 7.1 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் குறைந்தது. ஆனால் மும்மடிக் கணக்கில் பார்த்தால், தகட்டுக்கு விறைப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நீளமோ 124 மி.மீட்டரிலிருந்து 158 ஆகியிருந்தது. நீளம் கூடக்கூட அதே விசை அதிகமாக வளைக்கும். பொத்தான்களுக்காகத் துளையிட்ட இடத்தில் சட்டம் இன்னும் பலவீனம். வளைவு அங்கேதான் விழுந்தது.

அடுத்த ஆண்டு 6எஸ் வந்தபோது அலுமினியத்தின் வகை மாறியது. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6000 வரிசைக்குப் பதிலாகத் துத்தநாகம் கலந்த 7000 வரிசை. இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. எந்த உலோகத்தைக் கலந்தாலும் அலுமினியத்தின் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது, எவ்வளவு விசைவரை வளைந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற எல்லை. 7000 வரிசையில் அந்த எல்லை கணிசமாக உயர்கிறது. அதாவது 6எஸ்ஸும் பையில் வளையும், ஆனால் விட்டதும் நிமிர்ந்துவிடும்.

6 பிளஸ் வாங்கியவர்களுக்குத் தொல்லை அத்தோடு முடியவில்லை. உடல் சிறிது வளைந்து வளைந்து நிமிரும்போது உள்ளே மின்பலகையில் தொடுதிரைச் சிப்பைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று நாளடைவில் விட்டுப்போனது. திரையின் மேற்புறத்தில் சாம்பல் நிறப் பட்டை ஓடும், தொட்டால் வேலை செய்யாது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2018இல் வெளியான நீதிமன்ற ஆவணம் ஒரு செய்தியைச் சொன்னது. விற்பனைக்கு வரும் முன்பே நிறுவனத்தின் உள் சோதனைகள் ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 5எஸ்ஸைவிட 3.3 மடங்கு, 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்று காட்டியிருந்தன. அந்தச் சிப்பின் அடியில் பசை ஊற்றி உறுதிப்படுத்தும் வேலை 2016 மேயில்தான் தொடங்கியது. தெரிந்த பலவீனத்தோடு ஒரு பொருள் ஏன் கடைக்குப் போனது? நிறுவனத்தின் மனத்துக்குள் நான் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் செப்டம்பர் வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும்.

கண்ணாடியின் கதை வேறு மாதிரி. அங்கே அறிவியல் நாட்காட்டிக்காகக் காத்திருந்தது, அதுவும் நாற்பது ஆண்டுக்கு மேல். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே கெம்கார் என்ற உறுதியான கண்ணாடியை உருவாக்கிவிட்டது. வாங்க ஆளில்லை, கிடப்பில் போட்டார்கள். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய முதல் ஐபோனின் திரை பிளாஸ்டிக். அதில் கீறல் விழும் என்பதால் ஜூன் மாதம் விற்பனைக்கு வருமுன் கண்ணாடிக்கு மாற்றினார்கள். கெண்டக்கி மாநிலத்தின் ஹாரட்ஸ்பர்க்கில் கார்னிங்கின் ஆலை அவசரமாக அந்தக் கண்ணாடியை வார்த்தது. கொரில்லா கண்ணாடி என்று இன்று நாம் அறிவது அதுதான்.

அதன் உறுதி எங்கிருந்து வருகிறது? சோடியம் அயனிகள் கலந்த கண்ணாடித் தகட்டை, சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்புக் குளியலில் மூழ்கவைப்பார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் வெளியேறும், அந்த இடத்தில் பொட்டாசியம் வந்து அமரும். பொட்டாசியம் அயனி உருவில் பெரியது. பேருந்தில் குழந்தைகள் எழுந்த இருக்கைகளில் பெரியவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தால் வரிசை எப்படி இறுகுமோ அப்படி மேற்பரப்பு இறுகிப்போகிறது. கண்ணாடி உடைவது, மேலே இருக்கும் நுண்ணிய விரிசல் இழுபட்டு வாய் திறப்பதால். இறுகிய மேற்பரப்பு அந்த வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். இறுக்கம் நிலவுவது மேலே சில பத்து மைக்ரான் ஆழத்துக்கு மட்டும். அதைத் தாண்டி ஒரு கூர்மையான கல் உள்ளே இறங்கிவிட்டால் கண்ணாடி தோற்றுவிடும். கான்கிரீட் தரையில் விழும்போது திரை உடைவதும், வழவழப்பான டைல்ஸ் தரையில் பலமுறை தப்பிப்பதும் இதனால்தான்.

கீறல் விழுவது தனிக் கதை. சாதாரணத் தெருப்புழுதியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. அது கண்ணாடியைவிடக் கடினமானது. எந்தக் கொரில்லாவும் மணலிடம் கீறல் வாங்கும். கீறலையும் உடைவையும் ஒருசேரத் தடுப்பது வேதியியலில் எளிதன்று. அதனால்தான் ஒரு தலைமுறைக் கண்ணாடி கீறல் தாங்குவதைப் பெரிதாகச் சொன்னது, அடுத்தது விழுந்தால் தாங்குவதைச் சொன்னது.

மணலிடமும் தோற்காத பொருள் நீலக்கல் என்னும் சஃபயர். செயற்கையாக வளர்க்கலாம். 2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தோடு ஆப்பிள் ஒப்பந்தம் போட்டது. 57 கோடியே 80 லட்சம் டாலர் முன்பணம் தவணைகளில் தருவதாகப் பேச்சு. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உலைகளுக்குத் திட்டமிட்டார்கள். சஃபயர் படிகம் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வளர வேண்டியது. அவசரப்பட்டால் விரிசல் விடும். அதுவரை எவரும் வளர்க்காத அளவுக்குப் பெரிய படிகங்களை, அதுவரை எவரும் எட்டாத வேகத்தில், ஓராண்டுக்குள் எடுக்க முயன்றார்கள். படிகங்கள் விரிசல் விட்டன. 2014 செப்டம்பரில் ஐபோன் 6 வழக்கமான கண்ணாடியோடு வெளிவந்தது. அடுத்த மாதமே ஜிடி திவால் மனு கொடுத்தது. படிகம் வளரும் வேகத்தை ஒப்பந்தத்தால் மாற்ற முடியாது. செப்டம்பர் தேதியையும் எவரும் மாற்றத் தயாராக இல்லை. அகப்பட்டுக்கொண்டது நடுவில் நின்ற நிறுவனமும் அதன் தொழிலாளர்களும்.

அந்தத் தேதிக்கு ஏன் அவ்வளவு வலிமை? அமெரிக்காவில் கிறிஸ்துமஸ், சீனாவில் புத்தாண்டு, இங்கே தீபாவளி ஒட்டிய இணையத் தள்ளுபடி. ஆண்டின் விற்பனையில் கணிசமான பங்கு இந்தப் பண்டிகைக் காலங்களில் நடக்கிறது. சிப் செய்யும் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு புதிய சிப் தருகின்றன. பங்குச் சந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிறது. ஒரு போனை வடிவமைக்க இரண்டு ஆண்டாவது ஆகும் என்பதால் அடுத்தடுத்த தலைமுறைகளைத் தனித்தனிக் குழுக்கள் ஒரே காலத்தில் செய்துகொண்டிருக்கும். இந்த ஆண்டு போனில் மக்கள் கண்ட குறை அடுத்த ஆண்டு போனுக்குப் போய்ச் சேராமல் அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போவது இதனால்தான். அதற்குள் அடுத்த போனின் அச்சுகள் வெட்டப்பட்டிருக்கும்.

சிலர் ஓராண்டும் நீளம் என்று நினைத்தார்கள். சோனி எக்ஸ்பீரியா இசட் 2013இன் தொடக்கத்தில், இசட்1 அதே ஆண்டு செப்டம்பரில், இசட்2 2014 பிப்ரவரியில், இசட்3 அதே ஆண்டு செப்டம்பரில். ஆறு மாதத்துக்கு ஒரு முதன்மை போன். கண்ணாடி முதுகு கொண்ட அந்த உடல்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போலவே இருந்தன. போன மாதம் பெருவிலை கொடுத்தவர் இந்த மாதம் பழைய போனுக்குச் சொந்தக்காரர் ஆனார். சோனி இந்த ஓட்டத்தில் வெல்லவில்லை. ஒன்பிளஸ்ஸும் 2016 ஜூனில் 3, நவம்பரில் 3டி, 2017 ஜூனில் 5, நவம்பரில் 5டி என்று ஓடிப் பார்த்தது. சாம்சங் எதிர்த்திசையில் யோசித்தது. மாடல்கள் பெருகிப் போனதால் லாபம் கரைகிறது என்று கண்டு, மறு ஆண்டில் மாடல்களின் எண்ணிக்கையை 25 முதல் 30 விழுக்காடு குறைப்போம் என 2014 நவம்பரில் முதலீட்டாளர்களிடம் சொன்னது.

இடைநிலை விலையில் நடப்பது இன்னொரு வகை. 2019இல் இந்தியாவில் ரெட்மி கே20 என்று விற்ற போன் ஐரோப்பாவில் மி 9டி. 2020இல் இந்தியாவுக்கு வந்த போக்கோ எக்ஸ்2, சீனாவின் ரெட்மி கே30. உடல் ஒன்று, பெயர் இரண்டு. இதில் மோசடி எதுவும் இல்லை, எந்தச் சந்தையில் எந்தப் பெயர் விலைபோகும் என்ற கணக்கு. ஆனால் புதிய மாடல் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் புதிய பொருள் இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது போதும். குறைந்த விலைக்குப் பிளாஸ்டிக் முதுகு, இடைநிலை விலைக்குக் கண்ணாடி முதுகு, உயர்ந்த விலைக்கு உலோகச் சட்டம் என்று பொருளே படிக்கட்டாகிவிட்டது. படிக்கு மேலே உள்ள போன் எப்போதும் கொஞ்சம் நன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் அந்தப் படிக்கட்டின் வேலை.

நிறுவனங்களுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். ஆண்டுதோறும் போன் வெளியிடுவது, போன ஆண்டு வாங்கியவர் மாற்ற வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. பலரும் இப்போது மூன்று நான்கு ஆண்டு ஒரே போனை வைத்திருக்கிறார்கள். 2021இல் வாங்கியவர் என்றைக்குக் கடைக்கு வந்தாலும் புதிய சரக்கு இருக்க வேண்டும் என்பதே கணக்கு. இதை ஏற்கிறேன். ஆனால் சிப்பில் நிகழ்ந்த முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் முன்னேற்றமும் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. தூரத்திலிருந்தே பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டக்கூடியது உடல் ஒன்றுதான். எஃகு டைட்டானியமாவதும் டைட்டானியம் அலுமினியமாவதும் பொறியியல் காரணத்தோடு நடக்கின்றன. எந்தக் காரணத்தை எந்த ஆண்டு முன்னே வைப்பது என்பதை நாட்காட்டி முடிவு செய்கிறது. முதலில் எழுப்பிய கேள்விக்கு நான் கண்ட விடை இது.

இந்த வேகத்தின் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்க்கச் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போகலாம். மாடலுக்கு ஒரு திரை, மாடலுக்கு ஒரு பேட்டரி, மாடலுக்கு ஒரு முதுகுக் கண்ணாடி. ஒன்றின் உதிரி மற்றொன்றுக்குப் பொருந்தாது. இத்தனையையும் எந்தக் கடைக்காரர் இருப்பு வைப்பார்? மூன்றாண்டு பழைய மாடலுக்குத் தரமான பேட்டரி தேடுபவருக்குப் போலிதான் கிடைக்கிறது, அல்லது புதிதே வாங்கிவிடுங்கள் என்ற பதில் கிடைக்கிறது. முதுகுக் கண்ணாடி வந்ததிலிருந்து நிலை இன்னும் மோசம். ஐபோன் 8 முதல் 13 வரை முதுகுக் கண்ணாடி சட்டத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டது. அது உடைந்தால் லேசர் கொண்டு பசையைச் சுட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும்.

2022இல் ஐபோன் 14 வந்தது. 13இன் அதே முகம், ஏறக்குறைய அதே சிப், அதே அலுமினியம். புதிதாக ஒன்றுமில்லை என்று பலரும் எழுதினார்கள். உள்ளே சட்டத்தை முற்றிலும் மாற்றியிருந்தார்கள். முதுகுக் கண்ணாடியை முன்திரையைப் போலவே தனியே கழற்றலாம், தனியே மாற்றலாம். பல ஆண்டுகளில் நடந்த மிகப் பயனுள்ள உடல் மாற்றம் அதுதான் என்பது என் தீர்ப்பு. வெளியே தெரியாததால் அதை மேடையில் கொண்டாட ஆளில்லை.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அல்ல. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. ஓசூர் அருகே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உலோக உடல் செய்யப்படுகிறது. போன் திரைகளுக்கான கண்ணாடியைப் பதப்படுத்தும் ஆலையைப் பிள்ளைப்பாக்கத்தில் அமைக்கக் கார்னிங்கும் அதன் இந்தியக் கூட்டாளியும் 2024இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தார்கள். செப்டம்பர் தேதிக்காகப் பணிமுறைகள் கூடுவதும், அதன் பிறகு குறைவதும் இங்கே விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களின் வருமானத்தைத் தொடும் விஷயம். போன் விற்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அதற்காகப் போன் சீக்கிரம் குப்பையாக வேண்டிய அவசியமில்லை. ஐந்தாண்டு உழைக்கும் போனுக்கும் உடல் வேண்டும், உதிரி வேண்டும், பழுது பார்க்கும் கை வேண்டும்.

குப்பைக் கணக்கு பெரியது. 2022இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 விழுக்காடு. ஒரு போன் தன் ஆயுள் முழுவதும் உண்டாக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அது வாங்குபவர் கைக்கு வருமுன்னே, தயாரிப்பில் வெளியாகிவிடுகிறது. நாம் சார்ஜ் செய்யும் மின்சாரம் அதன் பக்கத்தில் சிறிது. மறுசுழற்சி அலுமினியத்தால் உடல் செய்வது நல்லதுதான். தாதுவிலிருந்து பிரிப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே அதற்குப் போதும். ஆனாலும் தயாரிப்புச் சுமையில் பெரும்பகுதி சிப்பிலும் திரையிலும் இருக்கிறது. அதைக் குறைக்க இருக்கும் நேரான வழி, ஒரே போனைக் கூடுதலாக இரண்டு ஆண்டு பயன்படுத்துவது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் கைபேசியின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்கு முக்கிய உதிரிகள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வர வேண்டும். எத்தனை முறை விழுந்தால் தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பெட்டியோடு வரும் அட்டையில் எழுத்துத் தரமாகப் போட வேண்டும். கூகுள் 2023லும் சாம்சங் 2024லும் தங்கள் முதன்மை போன்களுக்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. முடியாது என்று நெடுநாள் சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது.

இந்தியாவில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் திறந்தது. கைபேசிகளுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு தரலாம் என்ற நிபுணர் குழுவின் அறிக்கை 2025 மேயில் கொடுக்கப்பட்டது. விலைச்சீட்டின் பக்கத்திலேயே அந்தக் குறியீடு அச்சாகி நிற்க வேண்டும், அதுவும் கட்டாயமாக. உலகுக்கே போன் பூட்டிக் கொடுக்கும் மாநிலத்திலிருந்து இந்தக் குரல் உரக்க எழ வேண்டும். அதுவரை, அடுத்த முறை கடைக்குப் போகும்போது டைட்டானியமா அலுமினியமா என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும்? பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? முதுகுக் கண்ணாடி உடைந்தால் தனியே கிடைக்குமா? கடைக்காரரால் பதில் சொல்ல முடியாத போனை வாங்காதீர்கள்.